கல்லைப் பார்க்கக் கற்றல்: வன்னி மாணவரும் சிற்பக் கூடமும்

கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ கல்விச் சுற்றுலா புறப்படும் பஸ் பெரும்பாலும் விடியுமுன்னே ஏ-9 வீதியில் ஏறிவிடும். அநுராதபுரம், சீகிரியா, பொலன்னறுவை, கண்டி, நேரம் கிடைத்தால் கொழும்பு நூதனசாலையும் தெகிவளை மிருகக்காட்சிச்சாலையும் என்று எல்லாவற்றையும் இரண்டு மூன்று நாளுக்குள் அடக்க வேண்டும். அந்த அவசரத்தில் வவுனியா நகரம் தேத்தண்ணிக்கு நிற்கும் இடமாகவே கழிந்துபோகிறது. அதே நகரில் தொல்பொருள் திணைக்களத்தின் நூதனசாலை ஒன்று உண்டு. வன்னியிலும் அதைச் சூழ்ந்த பகுதிகளிலும் கிடைத்த பழைய புத்தர் சிலைகளும், கிளிநொச்சிப் பக்கத்துச் சுடுமண் உருவங்களும் அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன. கிளிநொச்சி நகரிலிருந்து ஏறக்குறைய 75 கிலோமீற்றர்தான். ஒரே நாளில் போய்த் திரும்பலாம்.

கொழும்பு நூதனசாலை 1877 சனவரி 1ஆம் திகதி திறக்கப்பட்டது. அதன் கூடங்களோடு ஒப்பிட்டால் வவுனியாவில் இருப்பது சிறிய சேகரிப்பு. ஆனாலும் வன்னிப் பிள்ளைக்கு அது முதலில் பார்க்க வேண்டிய இடம் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். காரணம், அங்குள்ள சிலைகளின் அழகு மட்டும் அல்ல. தான் நடந்து திரியும் மண்ணிலிருந்து வந்த ஒரு பொருளின் முன்னே நின்று, கண்டதைச் சொல்லவும், சொன்னதற்குச் சான்று காட்டவும் பிள்ளை அங்கே பழகலாம். ஊரில் வெளிப்படும் ஒவ்வொரு கல்லும் காணிப் பிரச்சினையாகவும் மதப் பிரச்சினையாகவும் மாறிவரும் நிலத்தில் வளரும் பிள்ளைக்கு, அந்தப் பழக்கம் மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

வீதி மூடியிருந்த காலம்

வன்னியின் தொல்பொருட்களைப் பற்றிய எழுத்து புதியதல்ல. ஆங்கிலேய நிர்வாகத்தில் பணியாற்றிய ஜே. பீ. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல், காட்டுக்குள் கிடந்த கற்றூண்களையும் இடிபாடுகளையும் பதிவு செய்தது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் 1909இல் வெளியிட்ட நூலில் வவுனிக்குளத்தின் பழமையை ஆராய்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பரமு புஷ்பரட்ணம் பூநகரியில் செய்த கள ஆய்வு 1993இல் நூலாக வந்தது. இரணைமடுப் பகுதியின் பழைய சரளைப் படிவுகளில் கிடைத்த கற்கருவிகள், ஏறத்தாழ 125,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே மனிதர் நடமாடினார்கள் என்று தொல்லியலாளர் சிரான் தெரணியகல சொல்வதற்குச் சான்றாயின.

இவ்வளவு இருந்தும், இந்த மண்ணின் பிள்ளைகள் இந்த மண்ணின் பொருட்களை நேரில் பார்த்தது குறைவு. 1990களில் ஓமந்தைக்கு வடக்கே வாழ்ந்தவர்களுக்கு வவுனியா நகரம் பாஸ் எடுத்துப் போக வேண்டிய ஊராக இருந்தது. சமாதான காலத்தில், 2002இல், ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி மூடியது. 2009இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் வவுனியாவுக்கு வந்தார்கள். ஆனால் அவர்கள் வந்து சேர்ந்தது செட்டிகுளம் மெனிக் பாம் முதலான முகாம்களுக்கு. அன்று அந்த முட்கம்பிக்குள் பள்ளி வயதில் இருந்த பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். நூதனசாலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் வழக்கம் அவர்களுக்கு யாரும் காட்டிக் கொடுத்ததல்ல. அதை அவர்களே புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமானது. வன்னிக்குச் சொந்தமான அறிவு நிறுவனங்கள் மெல்ல எழும் காலம் இது. பாடசாலைப் பிள்ளையின் கண்ணையும் அந்த வளர்ச்சியில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு நாள் பயணம் என்ன செய்யும்?

நூதனசாலைக்குப் போவதால் படிப்பில் என்ன பயன் என்று அதிபர்களும் பெற்றோரும் கேட்பது நியாயமே. இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் பென்டன்வில் என்ற சிற்றூரில் 2011இல் கிறிஸ்டல் பிரிட்ஜஸ் என்னும் கலை நூதனசாலை திறந்தது. சுற்றுவட்டாரத்தில் அதற்கு முன் அப்படி ஒன்று இருந்ததில்லை. இலவசப் பாடசாலைப் பயணத்துக்கு இடத்துக்கு மேல் விண்ணப்பங்கள் குவிந்ததால், முதலில் வருவோரைக் குலுக்கல் முறையில் தெரிந்தார்கள். ஜே கிறீன் என்ற கல்வியியலாளரும் அவருடைய சகாக்களும் அந்தக் குலுக்கலையே ஆய்வாக்கினார்கள். போன மாணவர், இன்னும் போகாத மாணவர் என ஏறத்தாழ 11,000 பேரை ஒப்பிட்டார்கள்.

பயணம் அரை நாள்தான். அதில் ஐந்து ஓவியங்கள் அளவிலேயே நின்று பேசினார்கள். சில வாரங்களின் பின், இரு சாராரும் முன்பு பார்த்திராத ஓர் ஓவியத்தைக் கொடுத்து அதைப் பற்றி எழுதச் சொன்னபோது, போய்வந்தவர்களின் எழுத்தில் கூர்மையான அவதானமும் காரணம் காட்டும் திறனும் கூடியிருந்தன. கிராமப்புறப் பாடசாலை மாணவரில் இந்த முன்னேற்றம் பொதுச் சராசரியின் மும்மடங்கு அளவில் இருந்தது. நகரப் பிள்ளைக்கு இது பல அனுபவங்களில் ஒன்று. கிராமப் பிள்ளைக்கு இதுவே முதல் அனுபவமாக இருக்கலாம். ஒட்டுசுட்டானிலோ கண்டாவளையிலோ படிக்கும் பிள்ளையின் பக்கம் நின்று பேச இதைவிட நல்ல ஆதாரம் கிடைப்பது அரிது.

ஆனால் பயணம் போனால் மட்டும் போதாது. பார்க்கும் விதம் முக்கியம். நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் நூதனசாலையில் ஜெஃப்ரி சிமித், லீசா சிமித் இருவரும் பார்வையாளரைக் கவனித்து 2001இல் எழுதினார்கள்: ஒரு படைப்பின் முன்னே மக்கள் நிற்பது சராசரியாக 27 விநாடி, பார்த்தவர்களில் பாதிப்பேர் 17 விநாடிக்குள் நகர்ந்துவிடுகிறார்கள். பொலன்னறுவை வெயிலில் வரிசையாக ஓடும் எங்கள் பிள்ளைகளுக்கு அதுகூட வாய்ப்பதில்லை. உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைச் சொல்கிறது. நூதனசாலையில் படம் எடுத்த பொருட்களை விட, எடுக்காமல் பார்த்த பொருட்களையே மாணவர் மறுநாள் நன்றாக நினைவு வைத்திருந்தார்கள். ஒரு சிறு பகுதியை மட்டும் கிட்டப் பிடித்து எடுத்தபோது அந்தக் குறை தோன்றவில்லை. கமரா குற்றவாளி அல்ல. எங்கே பார்ப்பது என்று கண் தீர்மானித்த பிறகு படம் எடுத்தால் நினைவு தங்குகிறது.

தலையில்லாத புத்தர்

இனி ஒரு சிலையின் முன்னே நிற்போம். வடபகுதியில் கிடைக்கும் பழைய புத்தர் சிலைகளில் தலையோ கையோ போனவை பல. தலை இல்லாத, அமர்ந்த நிலைச் சிலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் பேசுமுன் பிள்ளைகள் பேசட்டும்.

காலைப் பார்க்கலாம். ஒரு காலின் மேல் மறு கால் சாதாரணமாகப் படிந்திருந்தால் அது வீராசனம். இரு உள்ளங்கால்களும் மேல்நோக்கித் திரும்பியிருந்தால் பத்மாசனம். அநுராதபுர காலத்துச் சிற்பிகள் பெரிதும் விரும்பியது வீராசனத்தை. கையைப் பார்க்கலாம். மடியில் இடக்கை மேல் வலக்கை படிந்திருந்தால் தியான முத்திரை. தோளைப் பார்க்கலாம். ஆடை இடத்தோளை மூடி, வலக் கக்கத்தின் கீழாகச் சுற்றி வந்து, வலத்தோளைத் திறந்துவிட்டிருக்கும். ஆடை மடிப்புகள் கோடுகளாகச் செதுக்கப்பட்டிருக்கின்றனவா, உடலோடு ஒட்டி வழுவழுப்பாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. மடிப்புக் கோடுகளைக் கண்டவர்கள் ஆந்திரத்தின் கிருஷ்ணா நதிக்கரை அமராவதிச் சிற்பங்களை நினைவுகூர்வார்கள். இலங்கையின் ஆரம்பகாலப் புத்தர் சிலைகள் அந்த மரபோடு நெருங்கிய உறவு கொண்டவை.

பிறகு சிலையைச் சுற்றி வரட்டும். முதுகு நன்றாகச் செப்பனிடப்பட்டிருந்தால் நாலு பக்கமும் மக்கள் வலம் வந்திருக்கலாம். கரடுமுரடாக விடப்பட்டிருந்தால் சுவரோடு சாத்தி வைத்த சிலையாக இருக்கலாம். கழுத்து முறிவின் நிறமும் பேசும். உடலின் மேற்பரப்பைப் போலவே மங்கி, பாசி படிந்து போயிருந்தால் முறிவு பழையது. வெளிறிப் பளிச்சென்று இருந்தால் அண்மையது. யார் உடைத்தார்கள் என்று கேட்க வாய் துடிக்கும். ஆனால் கழுத்து சிலையின் மெல்லிய இடம். கவிழ்ந்து விழுந்தாலே அங்கே முறியும். வேண்டுமென்று உடைத்ததற்கு உளித்தடம் போன்ற வேறு சான்று வேண்டும். இந்த நிதானத்தைப் பிள்ளைக்குப் பழக்கிவிட்டால் அது வரலாற்றுப் பாடத்துக்கு அப்பாலும் உதவும்.

பீடத்தையும் விடக்கூடாது. பழைய புத்தர் சிலைகளின் அடியில் 9 அல்லது 25 குழிகள் கொண்ட யந்திரக்கல் வைப்பது வழக்கம். அந்தக் குழிகளில் மணிகளும் உலோகத் துண்டுகளும் சிறு உருவங்களும் இடப்பட்டன. புதையல் தேடுவோர் சிலைகளைப் புரட்டிப் போடுவதற்கு இது பெரும் காரணம். வணக்கத்துக்காக அடியில் வைத்த பொருளே பின்னாளில் சிலைக்கு எமனாக வந்தது.

எந்தக் கல், எந்த மண்?

சிற்பக் கூடத்தைச் சித்திரப் பாடத்துக்கும் வரலாற்றுக்கும் மட்டும் விட்டுவிடக் கூடாது. புவியியல், விஞ்ஞான ஆசிரியர்களுக்கும் அங்கே வேலை உண்டு. இலங்கையின் பாறைகளை வகுக்கும் புவிச்சரிதவியலாளர் அவற்றில் ஒன்றுக்கு ‘வன்னித் தொகுதி’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். வன்னியின் பெரும்பகுதி உள்நாட்டின் அடியில் கிடப்பது மிகப் பழைய, கடினமான படிகப் பாறை. கடல் தந்த சுண்ணக்கல் இருப்பது யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் மன்னார் வரையான கரையோரத்திலும். ஆகவே உள்வன்னிக் காட்டில் அத்தகைய சுண்ணக்கல் சிலை ஒன்று கிடைத்தால், அந்தக் கல் எங்கிருந்தோ சுமந்து வரப்பட்டது என்பது உறுதி. வண்டி யார் கொடுத்தது, எந்த வழியால் வந்தது, செதுக்கியது கல் எடுத்த இடத்திலா வந்து சேர்ந்த இடத்திலா? ஒரு கல்லின் நிறத்திலிருந்து ஒரு பாதை விரிகிறது. மாதோட்டத் துறைமுகத்துக்கும் அநுராதபுரத்துக்கும் இடையே மனிதரும் பொருட்களும் போய்வந்த நிலத்தின் ஓரத்தில்தான் வன்னி இருக்கிறது.

இப்படிக் கல்லிலிருந்து கலைக்கு வந்த ஒருவர் எங்களிடையே இருந்தார். ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தவர். சேர் முத்து குமாரசுவாமியின் மகன். படித்தது புவிச்சரிதவியல். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் பணிப்பாளராக இருந்தவர். தோரியனைற்று என்ற கனிப்பொருளை உலகுக்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே. கற்களைத் தேடி ஊர் ஊராகப் போனபோதுதான் கைவினைஞர்களைக் கண்டார். 1908இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலையும், 1914இல் கொழும்பு நூதனசாலையின் வெண்கலச் சிலைகள் பற்றிய நூலையும் எழுதினார். 1917இல் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலைக்குப் போய் 1947இல் இறக்கும் வரை அங்கே பணியாற்றினார். தமிழ்த் தந்தையின் மகன் சிங்களக் கலைக்கு எழுதிய அந்த நூலே, கண் திறந்திருந்தால் கலை இனத்தைத் தாண்டிப் பேசும் என்பதற்குச் சாட்சி.

கல்லுக்கு அடுத்து மண். கிளிநொச்சிப் பகுதியில் கிடைத்த சுடுமண் உருவங்கள் கற்சிலைகளின் பெருமிதம் இல்லாதவை. ஆனால் மாணவருக்குக் கிட்ட வருபவை அவைதான். ஏனெனில் களிமண் பிசைந்த கை எல்லாருக்கும் தெரியும். சுடுமண் உருவத்தில் பார்க்க வேண்டியவற்றைச் சொல்லிக் கொடுக்கலாம்: கண்ணும் மாலையும் தனியாக உருட்டி ஒட்டப்பட்டவையா, கூரிய குச்சியால் கீறப்பட்டவையா? உள்ளே பொள்ளலா, திண்மமா? உடைந்த விளிம்பில் நடுவில் கறுப்பும் வெளியில் செம்மையும் தெரிந்தால், சூளையில் வெப்பமும் காற்றும் உட்புறம் வரை போதிய அளவு எட்டவில்லை என்று பொருள். விறகடுக்கித் திறந்தவெளியில் சுடும் குயவர் அடுப்பில் இது அடிக்கடி நேரும். சில வேளை குயவரின் விரலடையாளம்கூட எஞ்சியிருக்கும்.

இலங்கையின் வறண்ட வலயத்தில், புத்தளம் மாவட்டத்துத் தப்போவ முதலிய இடங்களில் இத்தகைய சுடுமண் உருவங்கள் கிடைத்தபோது, தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளர் பீ. ஈ. பீ. தெரணியகல அவற்றை ஒரு தனிப் பண்பாட்டுத் தொகுதியாகக் கண்டார். வளம் வேண்டும் சடங்குகளோடு அவற்றுக்குத் தொடர்பு இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. வன்னியின் வழிபாட்டை அறிந்தவருக்கு இது உடனே பிடிபடும். புதூர் நாகதம்பிரானும் வற்றாப்பளைக் கண்ணகையும் குளக்கட்டு ஐயனாரும் மழையோடும் வயலோடும் பிணைந்தவர்கள். தெற்கே நுவரகலாவியக் கிராமங்களில் அதே ஐயனார் ‘அய்யநாயக்க’ என்ற பெயரில் குளத்தைக் காக்கிறார். ஆனாலும், இன்றைய சடங்கு ஒத்திருக்கிறது என்பதற்காக ஆயிரம் ஆண்டுக்கு முந்திய உருவத்தின் பொருளை அதுவே என்று முடிவுகட்டக் கூடாது. ஒப்புமை கேள்வியைத் தொடக்கி வைக்கும்; விடையை அகழ்விடந்தான் தர வேண்டும்.

‘எங்கட ஊரில ஏன் புத்தர்?’

கூடத்துக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்: “எங்கட ஊரில ஏன் சேர் புத்தர் சிலை இருந்தது?” வன்னியில் இது வெறும் பொது அறிவுக் கேள்வி அல்ல. போருக்குப் பின் புதிய விகாரைகள் எழுவதைப் பார்த்து வளரும் பிள்ளையின் கேள்வி. அதை அடக்கினால் பிள்ளை இரண்டு தவறான விடைகளில் ஒன்றைத் தெருவில் பொறுக்கிக்கொள்ளும். புத்தர் சிலை கிடைத்தால் அந்த நிலம் சிங்களவருடையது என்பது ஒரு விடை. அந்தச் சிலையே பொய், கொண்டுவந்து புதைத்தது என்பது மற்றது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பிழை: பௌத்தமும் தமிழும் ஒருபோதும் ஒன்றாக இருந்ததில்லை என்ற எண்ணம்.

வரலாறு வேறு கதை சொல்கிறது. ஐந்தாம் நூற்றாண்டளவில் சோழநாட்டைச் சேர்ந்த புத்ததத்தர் அநுராதபுர மகாவிகாரையில் கற்றுத் திரும்பிக் காவிரிக்கரையில் இருந்து பாளியில் எழுதினார். மணிமேகலை தமிழில் எழுந்த பௌத்தக் காப்பியம். பதினோராம் நூற்றாண்டில் வீரசோழியம் என்னும் தமிழ் இலக்கணத்தை இயற்றிய புத்தமித்திரர் பௌத்தர். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரை சோழர் ஆதரவோடு எழுந்தது. அவ்வூரில் 1856 முதல் கிடைத்த புத்தர் வெண்கலச் சிலைகள் பல இன்று சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளன. இலங்கையில் இதற்குப் பெரிய சான்று திருகோணமலை மாவட்டத்தில் இருக்கிறது. வெல்கம் விகாரை சோழர் காலத்தில் ‘இராஜராஜப் பெரும்பள்ளி’ எனப் பெயர் பெற்றது. அங்கே கொடைகளைப் பதிவு செய்யும் கல்வெட்டுகள் தமிழில் உள்ளன. பொன்னும் விளக்கும் கொடுத்தவர்கள் தமிழில் எழுதி வைத்தார்கள்.

இதனால் வன்னியில் கிடைக்கும் ஒவ்வொரு புத்தர் சிலையும் தமிழ்ப் பௌத்தருடையது என்று ஆகிவிடாது. அநுராதபுர அரசின் செல்வாக்கு இந்நிலத்தில் இருந்ததையும் மறுக்க முடியாது. சிலை எந்த மொழி பேசியவர் வணங்கியது என்பதை அதன் முத்திரை சொல்லாது; பக்கத்தில் கிடைக்கும் கல்வெட்டும் மட்பாண்ட எழுத்தும் நாணயமும்தான் சொல்லும். அதே நிலத்தில் சைவச் சான்றுகளும் உள்ளன. பூநகரி மண்ணித்தலையில் பழைய சிவாலயத்தின் எச்சம் நிற்கிறது. உருத்திரபுரத்தில் சதுர ஆவுடையோடு கூடிய பழைய சிவலிங்கம் இன்றும் பூசையில் இருக்கிறது. வன்னியின் கடந்தகாலம் ஒரே நிறத்தில் இருந்ததில்லை. இதைப் பிள்ளைக்கு ஒளிவுமறைவின்றிச் சொல்வது தமிழருக்கும் பாதகமில்லை, சிங்களவருக்கும் பாதகமில்லை.

கிடைத்த இடத்தின் பெறுமதி

சிற்பத்தைப் பற்றிய அறிவில் பாதி, அது கிடைத்த இடத்தில் இருக்கிறது. இலண்டன் பிரித்தானிய நூதனசாலையில் பொன்முலாம் பூசிய தாராதேவி வெண்கலச் சிலை ஒன்று நிற்கிறது. உயரம் 143 சென்ரிமீற்றர். எட்டாம் நூற்றாண்டுக் காலத்தது. இலங்கையின் முன்னாள் ஆளுநர் ரொபேட் பிரவுண்ரிக் 1830இல் கொடுத்தது. உலகறிந்த கலைப்படைப்பு. ஆனால் எங்கே கிடைத்தது என்று கேட்டால், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ என்பதுதான் பதில். அந்த நீண்ட கரையோரத்தில் எந்த ஊர், எந்தக் கட்டடம், பக்கத்தில் வேறென்ன இருந்தது என்ற விபரம் தொலைந்துவிட்டது. சிலை பிழைத்தது, அதன் ஊர் பிழைக்கவில்லை.

வன்னியில் இன்று நடப்பதை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முல்லைத்தீவு குருந்தூர்மலையில் 2021இல் தொடங்கிய அகழ்வில் எட்டுப்பட்டையான கற்பாகம் ஒன்று வெளிப்பட்டது. அது தாராலிங்கம் என்னும் சிவலிங்க வகை என்று தமிழ் ஆய்வாளரும் மக்களும் சொல்ல, பௌத்தக் கட்டட உறுப்பு என்று மறுதரப்பு சொன்னது. வவுனியா வடக்கு வெடுக்குநாறி மலையில் பழைய பிராமிக் கல்வெட்டும் உண்டு, ஆதிலிங்கேசுவரர் வழிபாடும் உண்டு. 2023 மார்ச்சில் அங்கிருந்த வழிபாட்டு உருவங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டுக் கிடந்தன. அடுத்த ஆண்டு சிவராத்திரியில் வழிபடப் போனவர்கள் கைதானார்கள். இவை பிள்ளைகளின் ஊர்ச் செய்திகள்; அண்ணன்மாரும் மாமன்மாரும் பங்குபற்றிய சம்பவங்கள்.

இந்த நிலையில் மக்களின் அச்சம் பொய்யல்ல. கிணறு வெட்டும்போதோ உழும்போதோ பழைய பொருள் ஒன்று வந்தால், அறிவித்தால் காணி போய்விடுமோ என்று பயந்து பேசாமல் மூடிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் கண்டெடுத்தவர் அறிவிக்க வேண்டும் என்கிறது. ஆனால் திணைக்களம் தங்களுக்கும் உரியது என்ற நம்பிக்கை வராமல் சட்டம் மட்டும் மண்ணைத் திறக்காது. அந்த நம்பிக்கையைக் கட்டும் பெரும் பொறுப்பு திணைக்களத்தினுடையது: தமிழ் தெரிந்த அகழ்வாளர், யாழ்ப்பாண, வவுனியாப் பல்கலைக்கழகங்களின் பங்கு, மும்மொழியில் வெளிப்படையான அறிக்கை. எங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது, ஒரு பொருள் கிடைத்தவுடன் இடத்தையும் ஆழத்தையும் பக்கத்தில் கிடந்தவற்றையும் குறித்துப் படமெடுத்து வைக்கத் தெரிந்த ஒரு தலைமுறையை வளர்ப்பது. அந்தக் குறிப்பு எந்த விசாரணையிலும் கூச்சலை விட வலிமையாக நிற்கும்.

கும்பிடுவதும் பார்ப்பதும்

சிற்பக் கூடத்தில் இன்னொரு சங்கடம் உண்டு. செருப்பைக் கழற்றுவதா, கைகூப்புவதா, சும்மா பார்ப்பதா? பொலன்னறுவைச் சிவாலயங்களில் 1907-08இல் கிடைத்த நடராசரும் நாயன்மாரும் நூதனசாலைக் கூடங்களுக்குப் போனார்கள். திருகோணமலையில் 1950இல் நிலத்தைத் தோண்டியபோது வெளிப்பட்ட சோமாஸ்கந்தர் முதலிய வெண்கலத் திருமேனிகள் கோணேசர் கோயிலில் மறுபடி பூசை பெற்றன. ஒரே வகைப் பொருட்களுக்கு இரண்டு வாழ்க்கை.

குமாரசுவாமி 1941இல் அமெரிக்க நூதனசாலையாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை இதைத்தான் தொட்டது. நூதனசாலையில் உள்ள பழைய பொருட்கள் எல்லாம் ஒருகாலத்தில் ஏதோ ஒரு தேவைக்காகச் செய்யப்பட்டவை; என்ன தேவைக்கு என்று விளங்காமல் வடிவத்தை மட்டும் ரசிப்பது அரைகுறை அறிவு என்பது அவர் நிலைப்பாடு. வன்னிப் பிள்ளைக்கு இதில் ஒரு வலிமை உண்டு. பால் அபிஷேகமும் தீபாராதனையும் சாத்துப்படியும் கண்ட கண் அது. விக்கிரகத்துக்கு வேலை இருக்கிறது என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. புத்தரின் முன்னே கைகூப்ப விரும்பும் பிள்ளை கூப்பட்டும். விரும்பாத பிள்ளை மரியாதையோடு நிற்கட்டும். இருவரும் பிறகு அதே சிலையின் கையைக் கூர்ந்து பார்த்து வரையட்டும். பக்தி பார்வையைத் தடுக்க வேண்டியதில்லை. பார்வை பக்தியைக் குறைப்பதுமில்லை.

செய்யக்கூடியவை

நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலையில் பணியாற்றிய பிலிப் யெனவைன், உளவியலாளர் அபிகேல் ஹவுசனோடு சேர்ந்து வகுத்த முறை மூன்று கேள்விகளில் நிற்கிறது. இதில் என்ன நடக்கிறது? எதைக் கண்டு அப்படிச் சொல்கிறீர்? இன்னும் என்ன காணலாம்? பணம் தேவையில்லை, கருவி தேவையில்லை. இரண்டாவது கேள்விதான் இதன் உயிர். ‘அது பழைய சிலை’ என்ற பிள்ளை எதைக் கண்டு சொன்னேன் என்று திரும்பிப் பார்க்கும்போது, கருத்து சான்றைத் தேடிப் போகிறது.

இதை வன்னிக்கு ஏற்ப அமைக்கலாம். தரம் 10 மாணவரை ஒரு நேரத்தில் ஒரு வகுப்பாக மட்டும் கூட்டிப் போகலாம். முழுக் கூடத்தையும் காட்டாமல் ஒரு கற்சிலை, ஒரு சுடுமண் உருவம், மாணவரே தெரிந்தெடுக்கும் மூன்றாவது ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றின் முன்னும் அரை மணித்தியாலம் இருந்து பென்சிலால் வரையலாம். வரையும் கை கண் தவறவிட்ட மடிப்பையும் முறிவையும் பிடித்துத் தரும். பெயர்ப்பலகையை முதலில் வாசிக்காமல், கண்டதை எழுதிய பிறகு வாசிக்கலாம். பலகையில் காலமும் பொருளும் மட்டும் இருந்து கிடைத்த ஊர் இல்லையென்றால், அந்த ஊர் எது என்று பொறுப்பாளரிடம் கேட்கலாம். திரும்பி வந்து, அந்த ஊரைத் தங்கள் பிரதேச வரைபடத்தில் குறிக்கலாம். வலயக் கல்வி அலுவலகங்களும் சித்திர, வரலாற்று ஆசிரிய ஆலோசகர்களும் முன்வந்தால், அந்த வரைபுகளும் குறிப்புகளும் சேர்ந்து வன்னி மாணவர் எழுதிய முதல் சிற்பக் கையேடாகவே வளரலாம்.

அப்படிப் பழகிய பிள்ளை பின்னர் அநுராதபுரம் போனால் சமாதிப் புத்தரின் முன் பதினேழு விநாடியில் நகராது. பொலன்னறுவை நடராசரைப் படமெடுத்துக்கொண்டு ஓடாது. நாளை தன் வயலில் ஒரு கல் புரண்டால், இது யாருடையது என்று பதறுமுன் இது என்ன, எங்கே, எந்த ஆழத்தில், எதோடு கிடந்தது என்று கேட்கும். கல்லின் மீது உரிமை கோருவதற்கு எவருக்கும் அரசியல் போதும். கல்லைப் பற்றி உண்மை பேசுவதற்குப் பார்வை வேண்டும். வன்னியின் கடந்தகாலத்தை எழுதும் பேனா வெளியாரின் கையில் மட்டும் இருக்கக்கூடாது என்று நாம் மனதார விரும்பினால், அந்தப் பார்வையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வேலையை அடுத்த தவணையிலேயே, வவுனியாவிலேயே, தொடங்கலாம்.